சுருட்டை முடியை ஒடிப்பது எது?

"சுருட்டை முடி வளரவே வளராது" என்று பல வீடுகளில் சொல்வார்கள். முடி வளரத்தான் செய்கிறது. மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேரிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அதே அளவு நுனியில் ஒடிந்து விழுந்தால் நீளம் மட்டும் அப்படியே நிற்கும். சுருட்டை முடியின் அமைப்பே ஒடிவதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது, அது உண்மைதான். ஆனால் ஒடிப்பது பெரும்பாலும் நம் கைதான்: காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுப்பது, சூடு வைத்து நேராக்குவது, மருந்து போட்டு நேராக்குவது, நெற்றித் தோல் இழுபடும்படி இறுக்கிப் பின்னுவது. தலைமுடிக்கென்று நாம் வழிவழியாகக் கடைப்பிடிக்கும் பழக்கங்கள் பலவும் நேர் முடிக்குப் பொருத்தமானவை. அவற்றைச் சுருட்டை முடிக்கு அப்படியே செய்யும்போதுதான் சேதம் தொடங்குகிறது. முடியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அவரவரே முடிவெடுக்க முடியும்.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. காயம் பட்டால் தோல் ஆறும், முடி ஆறாது. வேரிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன் தலையிலிருந்து வெளிவந்தது. அந்த இரண்டரை ஆண்டில் நடந்த ஒவ்வொரு வாருதலும் ஒவ்வொரு சூடும் அதில் சேர்ந்திருக்கிறது. "சேதமான முடியைச் சரிசெய்யும்" என்று புட்டியில் எழுதியிருந்தால், மேலே ஒரு பூச்சுப் படியும், கொஞ்ச நாள் வழவழப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிளந்த நுனி ஒட்டாது. அதை வெட்டத்தான் வேண்டும்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முதல் பத்து அடுக்குவரை படிந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் கெரட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவற்றில் இரண்டு வகைப் பிணைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி சேரும். அயர்ன் செய்த முடி மழைச்சாரலில் சுருண்டுகொள்வது இதனால்தான். இன்னொன்று கந்தகத்தால் ஆன டைசல்ஃபைடு பிணைப்பு. அது தண்ணீருக்கு மசியாது. ரீபாண்டிங் மாதிரியான ரசாயன முறைகள் கை வைப்பது அதன்மேல்.

சுருள் எங்கிருந்து வருகிறது? முடி முளைக்கும் குழி தோலுக்குள் வளைந்திருப்பதிலிருந்து. நேர் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். சுருட்டை முடியில் அது தட்டையான நீள்வட்டம். தட்டையான இழை வளைந்து முறுக்கிக்கொண்டே போவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் செதில்கள் சற்று மேலெழும்பும். இழுவிசை வந்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயும் அத்தனை வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால்தான் உச்சந்தலை பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகிய சுருள் முடியில் இவை எல்லாமே இன்னும் கூடுதல். அது வளரும் வேகமும் குறைவு: ஐரோப்பியரின் முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளர்ந்தால், ஆப்பிரிக்கர்களின் முடி சுமார் கால் மில்லிமீட்டர்தான் வளர்கிறது. சுருட்டை முடிப் பராமரிப்பு பற்றி இன்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி கறுப்பினப் பெண்கள் தங்கள் தலையில் செய்து பார்த்துக் கண்டறிந்தது. நம் ஊரில் யூடியூப் பார்த்து 'கர்லி ரொட்டீன்' செய்கிறவர்களும் அந்த அறிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர், நேர் முடிக்கு 1, இறுகிய சுருளுக்கு 4 என்று வகுத்த முடி வகைப் பட்டியலை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தமிழர்களில் அலை முடி முதல் சுருட்டை முடிவரை, அதாவது 2 முதல் 3 வரை, பலர் இருக்கிறார்கள். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பதும் சாதாரணம். எண்ணைத் தேடி ரொம்ப அலைய வேண்டாம். இழை மெல்லியதா தடித்ததா, ஏற்கெனவே ரசாயனம் பட்டதா என்பது அதைவிட முக்கியம்.

சீப்பில் வந்த முடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. ஒரு நாளில் 50 முதல் 100 முடிவரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையாக, பல நீளங்களில் வந்தால் அது ஒடிந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உதிர்வுக்கு இரும்புச்சத்து, தைராய்டு, பிரசவம், காய்ச்சல் என்று உடலுக்குள் காரணம் தேட வேண்டும். ஒடிவுக்கு நம் பழக்கத்தில் காரணம் தேட வேண்டும்.

குளியலும் சீப்பும்

ஈரத் தலையை வாரக் கூடாது என்பது நம் வீடுகளின் கண்டிப்பான விதி. நேர் முடிக்கு அது சரியே. ஈரத்தில் முடி ஊறி, பலம் குறைந்து, இழுத்தால் அதிகமாக நீளும். சுருட்டை முடியில் கணக்கு மாறுகிறது. காய்ந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சிக்கிக்கொள்ளும். அதில் சீப்பு உரசி இழுக்கும் விசை, ஈரத்தால் வரும் பலவீனத்தைவிடப் பெரிய சேதம் செய்கிறது. ஈரமாக, கண்டிஷனர் வழவழப்போடு இருக்கும்போது சுருள்கள் தளர்ந்து, குறைந்த விசையில் பிரியும். ஆகவே சுருட்டை முடியைக் குளியலறையில், கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இறக்கினால் எல்லாச் சிக்கும் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகி, கொத்தாகப் பிய்யும். காய்ந்த பிறகு மறுபடி வாரத் தேவையில்லை. வாரினால் சுருள்கள் கலைந்து புசுபுசுவென்று எழும்பும்.

இந்த ஒரு மாற்றம்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஆகப் பெரிய உதவி. காசு செலவில்லை, பலன் அன்றைக்கே தெரியும்.

எண்ணெய்க்கு வருவோம். தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வைப்பதற்கு ஆய்வு ஆதரவு இருக்கிறது. 2003-ல் ரேலே, மோஹிலே இருவரும் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படி குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் ஊடுருவக்கூடியது. உள்ளே போன எண்ணெய், குளிக்கும்போது முடி அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதைத் தடுக்கிறது. அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் ஈரம் தராது. காய்ந்து விறைத்த சுருளின் மேல் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தால் பிசுக்கு சேரும், வறட்சி போகாது. தண்ணீரில் நனைத்து, கண்டிஷனரோ, பூசிய பிறகு அலசாமல் விட்டுவிடும் லீவ்-இன் கிரீமோ பூசி, கடைசியில் நுனிக்கு ஒரு துளி எண்ணெய் என்பதே சுருட்டைக்கு ஒத்துவரும் வரிசை.

நம் பாட்டிமார் வைத்திருந்த சில பொருள்கள் சுருட்டைக்கு அருமையாகப் பொருந்துகின்றன. செம்பருத்தி இலையை அரைத்தால் வரும் கொழகொழப்பு, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் வழுக்கல், இரண்டும் சிக்கெடுக்க உதவுபவை. சீயக்காயும் அரப்பும் நன்றாக அழுக்கு எடுக்கும். ஆனால் நைசாகச் சலிக்காத தூள் சுருளுக்குள் மாட்டி உரசும், நன்றாக அலசாவிட்டால் வறட்டும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதை விட்டுவிட வேண்டும். சோப்பின் காரத்தன்மை செதில்களைத் தூக்கிவிடும். போர் தண்ணீரின் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் உள்ள பகுதிகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

துவட்டும்போது தடித்த டர்க்கி டவலால் பரபரவென்று தேய்க்க வேண்டாம், குனிந்து நின்று துண்டால் அடிக்கவும் வேண்டாம். மெல்லிய ஈரிழைத் துண்டோ பழைய டி-ஷர்ட்டோ எடுத்து, முடியைக் கொத்துக் கொத்தாகக் கீழிருந்து மேலே அமுக்கி ஈரத்தை எடுத்தால் போதும். இரவில் பருத்தித் தலையணையில் முடி உரசுவதும் ஒடிவுக்குக் காரணம். கறுப்பினப் பெண்கள் சாட்டின் தொப்பி போட்டுத் தூங்குவார்கள். கிழிந்த பட்டுப் புடவையில் சரிகை இல்லாத பகுதியை வெட்டித் தலையில் சுற்றிக்கொண்டாலும் அதே வேலையைச் செய்யும்.

சூடு

நேராக்கும் கருவிகள் பல 230 டிகிரி செல்சியஸ்வரை போகக்கூடியவை. ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டும்போது காய்ந்த முடியின் கெரட்டினே உருக்குலையத் தொடங்குகிறது. ஈர முடியில் இது இன்னும் குறைந்த சூட்டிலேயே நடக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் முடிக்குள் குமிழ்கள் உண்டாகின்றன. குமிழ் வந்த இடத்தில் முடி சொரசொரப்பாகி ஒடிகிறது. 175 டிகிரியைத் தொடும் டிரையரிலும், 125 டிகிரியில் ஒரு நிமிடம் பிடித்த சுருட்டும் கருவியிலும்கூட இப்படி ஆனதைத் தோல் மருத்துவர்கள் 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஈரத் தலையில் அயர்ன் வைக்கும்போது "சுர்" என்று கேட்கும் சத்தம் இந்தச் சேதத்தின் சத்தம்.

அடிக்கடி சூடு பட்ட சுருட்டை முடி ஒருநாள் குளித்த பிறகும் சுருளாது. சில கொத்துகள் மட்டும் நேராகத் தொங்கும். அது திரும்பி வராது, வளர்ந்துதான் மாற வேண்டும். விசேஷத்துக்கு ஒருநாள் நேராக்கியே ஆக வேண்டுமென்றால், முழுக்கக் காய்ந்த முடியில், சூடு தாங்கும் சீரம் பூசி, 180 டிகிரிக்குள், ஒரு கொத்துக்கு ஒரே இழுப்பு. சீரம் சேதத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

டிரையரே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. 2011-ல் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே உலர்த்திய முடியைவிட, தானாகக் காயவிட்ட முடியில்தான் செதில்களை ஒட்டும் உட்பூச்சு சேதமாகியிருந்தது. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்கு நல்லதில்லை. டிரையரின் காற்றைப் பரவலாக்கும் டிஃப்யூசர் மூடியை மாட்டி, மிதமான சூட்டில் பாதி காயவைத்து, மீதியைக் காற்றுக்கு விடுவது சுருட்டைக்கு நல்ல வழி.

மருந்து போட்டு நேராக்குவது

இதன் வரலாறு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றோடு சேர்ந்தது. போக்குவரத்து சிக்னலுக்கு 1923-ல் காப்புரிமை பெற்ற காரெட் மார்கன், 1913 வாக்கில் கிளீவ்லாந்தில் முடியை நேராக்கும் கிரீம் விற்கும் நிறுவனம் தொடங்கினார். சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் 1954-ல் தொடங்கிய நிறுவனம் ரிலாக்ஸர் எனப்படும் நேராக்கும் கிரீமை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. வேலையும் மரியாதையும் கிடைக்க நேர் முடி வேண்டும் என்ற நெருக்கடியில்தான் அந்தச் சந்தை வளர்ந்தது. பழைய ரிலாக்ஸர்களில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைப்பை நீக்கக் குழாயில் ஊற்றும் அதே காஸ்டிக் சோடா. அது டைசல்ஃபைடு பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவைப் பிடுங்கிவிடும். மீண்டும் பழையபடி ஆக வழியே கிடையாது. தலைத்தோலில் பட்டால் புண்ணாகும்.

நம் ஊர் பார்லர்களில் ரீபாண்டிங் என்பது வேறு வேதியியல். தயோகிளைகாலேட் போட்டுப் பிணைப்பை அவிழ்த்து, அயர்னால் நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் மறுபடி பிணைப்பது. எல்லாப் பிணைப்பும் திரும்பச் சேர்வதில்லை, அதனால் முடி எப்போதும் கொஞ்சம் பலம் இழந்தே இருக்கும். காஸ்டிக் வகை பட்ட முடியில் தயோ வகையைப் போட்டாலும், தயோ பட்டதில் காஸ்டிக் போட்டாலும் முடி கொத்தாக அறுந்துவிடும். முன்பு என்ன போட்டோம் என்பதைப் பார்லரில் மறைக்காமல் சொல்வது அதனால்தான் அவசியம்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரைக் கேட்டால் சத்து ஏற்றுவதுபோல் தோன்றும். ஆனால் அதில் முடியை நேராகப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்தது ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று எழுதிய பொருளைப் பயன்படுத்திய பார்லர்களின் காற்றிலும் அது இருப்பதை அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2011-ல் கண்டு எச்சரித்தது. வாடிக்கையாளராவது சில மாதங்களுக்கு ஒருமுறை போய்வருகிறார். அடைத்த ஏசி அறையில் அந்தப் புகையைத் தினமும் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் பெண். இந்த விவகாரத்தில் அவரைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

அதற்கு மாற்றாக வந்தது கிளையாக்சிலிக் அமிலம். இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை, முடியை நேராக்கிக்கொண்ட பிறகு திடீர்ச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 26 பேரை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் பயன்படுத்திய பொருளில் இந்த அமிலமோ அதைச் சார்ந்த ரசாயனமோ இருந்தது. 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூன்று முறை பார்லரில் நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் வாந்தி, முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு. அதே கிரீமை எலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் உருவாயின. அந்த அமிலம் தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடும் என்று அதிலிருந்து தெரிகிறது. ட்ரீட்மென்ட் முடிந்து ஓரிரு நாளில் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தலைக்குப் போட்டதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்த ஆய்வு இல்லை. எந்தப் பொருள், எந்த ரசாயனம் என்றும் அதில் பிரித்துப் பார்க்கவில்லை. பயந்து ஓட இது போதாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக நேராக்கிவிடுவதை நிறுத்த எனக்கு இது போதும்.

இழுவை

தொடர்ந்து இழுபடும் முடிவேர் மெல்லச் சோர்ந்து, கடைசியில் முடி முளைப்பதையே நிறுத்திவிடும். இழுவை வழுக்கை என்று தோல் மருத்துவர்கள் சொல்லும் இது, 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவானது. முடியை இறுக்கி உச்சியில் கட்டும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நோன்லான்லா குமாலோ குழுவினர் ஆய்ந்தபோது, வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. ரிலாக்ஸர் போட்ட முடியை மேலும் இறுக்கிப் பின்னியவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். ரசாயனத்தில் பலமிழந்த முடி இழுவையைத் தாங்காது. ரீபாண்டிங் செய்த முடியை உயர்த்திப் போனிடெயில் போடுகிறவர்களும், அதில் எக்ஸ்டென்ஷன் மாட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இழுவைக்குப் பின்னால் பல நேரம் விதிமுறைகள் இருக்கின்றன. 2016-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஒரு பெண்கள் பள்ளியில், இயற்கையான சுருள் முடியோடு வரக் கூடாது என்ற நெருக்குதலை எதிர்த்துக் கறுப்பின மாணவிகள் போராடினார்கள். முடியின் இயல்பான அமைப்பைக் காட்டிப் பள்ளியிலோ வேலையிடத்திலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 'கிரவுன்' சட்டத்தை 2019-ல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது, பிறகு பல மாநிலங்கள் தொடர்ந்தன.

நம் பள்ளிகள் பலவற்றில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நேர் முடிப் பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை. சுருட்டை முடிப் பிள்ளைக்குக் காலையில் கண்ணீரோடு நடக்கும் காரியம். காய்ந்த முடியைப் படிய வைக்க இழுத்து, அவிழாமலிருக்க இறுக்கி, ஆண்டுக்கணக்கில் அதே வகிடு. வகிடு அகலமாவதும், நெற்றியோரம் பின்வாங்குவதும், அந்த விளிம்பில் பூனைமுடிபோல் ஒரு வரிசை மட்டும் மிஞ்சுவதும் இழுவை வழுக்கையின் அடையாளங்கள். பின்னி முடித்த பிறகு தலை வலித்தாலோ, நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் வந்தாலோ அது இறுக்கம்தான். பழகிவிடும் என்று விடாமல் உடனே அவிழ்க்க வேண்டும். தண்ணீரும் கொஞ்சம் லீவ்-இன் கிரீமும் தெளித்து, சடையை வேரிலிருந்து ஒரு விரல் தள்ளித் தளர்வாகத் தொடங்கி, வாரம் ஒருமுறை வகிட்டை மாற்றினால் பள்ளி விதியும் மீறாது, முடியும் தப்பும். பரதநாட்டியத்துக்கும் கல்யாணத்துக்கும் சவுரி வைத்துப் பின்னும் கனமான சடை ஒருநாள் என்றால் பரவாயில்லை. வாரம் மூன்று நிகழ்ச்சி ஆடுகிறவர்கள் ஒத்திகையில் சவுரி இல்லாமல் ஆட வேண்டும், நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னாலேயே அவிழ்த்துவிட வேண்டும்.

இழுவை வழுக்கை தொடக்கத்தில் இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் திரும்பும். பல ஆண்டுகள் ஆகி, தோல் வழவழப்பாகி, துளைகளே தெரியாத நிலை வந்தால் தழும்பாகிவிட்டது என்று பொருள், அங்கே முடி முளைக்காது. சந்தேகம் வந்த முதல் மாதத்திலேயே பார்லருக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நேராக்குவதை நிறுத்திவிட்டுச் சொந்தச் சுருளுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒரேயடியாகக் குட்டையாக வெட்டிவிடலாம். இல்லையென்றால் வளரவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வரலாம். இரண்டாவது வழியில், புதிய சுருளும் பழைய நேர் முடியும் சந்திக்கும் கோடுதான் தலையிலேயே பலவீனமான இடம், அங்கே சீப்பை விடாமல் விரலால் பிரிக்க வேண்டும். நீட்டிப் பார்த்தால் தோளைத் தொடும் அளவுக்கு முழுச் சுருளாக வர இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் பிடிக்கும். சுருள் தன் உண்மையான நீளத்தில் பாதியளவுக்குச் சுருங்கியும் நிற்கும் என்பதால், வளர்ந்ததா என்று பார்க்க ஈரத்தில் ஒரு கொத்தை மெதுவாக நீட்டி அளந்து பார்க்க வேண்டும்.